எட்டுத் தாள் சேர்த்துத் தைத்த பைபிள்

பெப்ரவரி 11, ஞாயிறு

ஹெந்தளைக்குப் போய் வந்தோம். மகள் மிதுனாவின் மாமியார் ஸ்டெல்லா மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தா. சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டேன், இறால் நல்ல இறால். ஆனால் கை கழுவி வந்ததும் அலுமாரியைத் திறந்து ஒரு பெரிய பைபிளைத் தூக்கிவந்து மேசையில் வைத்தாவே, அப்பவே எனக்கு விளங்கிவிட்டது, இதைக் காட்டத்தான் கூப்பிட்டிருக்கிறா.

தோல் மட்டை. மருமகன் ஷெல்டனின் பூட்டன் வாங்கியதாம். முன்பக்கங்களில் பிறப்பு, ஞானஸ்நானம், கலியாணம், இறப்பு என்று ஐந்து தலைமுறை வரிசையாக எழுதியிருக்கு. கடைசி வரியில் எங்கட மிதுனா. அவளுக்கு நேரே தாய்வழி என்று போட்டு என் பேர், என் அப்பா அந்தோனிப்பிள்ளையின் பேர். தந்தைவழி என்ற இடத்தில் என் மனுசன் ஜனாவின் பேர் மட்டும். அதற்கு மேலே வெறும் தாள்.

"அவரின்ர ஆக்கள் ஒருத்தரையும் எங்களுக்குத் தெரியாது தானே றோஸி. அதான் இடம் விட்டு வச்சிருக்கிறன்" என்று சிரித்துக்கொண்டு சொன்னா.

ஜனா வாசலில் படுத்திருந்த நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆக்கள் இல்லாத மனுசனோ என்ர மனுசன்? மரத்தில காய்ச்சவரோ?

பஸ்ஸில் வரும்போது சொன்னேன்: "நாங்களும் ஒண்டு துவங்குவம்."

"என்னத்தை?"

"பைபிள்."

"வீட்டில நாலு கிடக்கு றோஸி."

"அது வாசிக்கிற பைபிள். நான் சொல்லுறது எழுதுற பைபிள்."

கொட்டாஞ்சேனையில் இறங்கும்போது அவர், "என்ர பக்கத்தில என்னத்தை எழுதப் போறீர்?" என்று கேட்டார். பதில் எனக்கும் தெரியாது. ஆனால் எழுதத்தான் போகிறேன்.

பெப்ரவரி 14, புதன்

விபூதிப் புதனும் காதலர் தினமும் ஒரே நாளில் வந்திருக்கு. நெற்றியில் சாம்பல், கையில் சிவப்பு ஐசிங். நோன்பு நாளில் வயிறு காய்ந்துகொண்டு, ஓர்டர் தந்தவைக்கு இதயம் இதயமாகக் கேக் செய்து கொடுத்தேன். மிச்சமாக வந்த ஓரத்துண்டுகளைத் தொடக்கூட இல்லை. அதை ஆராவது எழுதி வைக்க வேணும்.

மார்ச் 5, செவ்வாய்

நல்ல பெரிய எழுத்துப் பைபிள் ஒன்று வாங்கினேன். இதில் குடும்ப விபரம் எழுதப் பக்கமே இல்லை. கடைப் பிள்ளையிடம் கேட்டால் முழிக்கிறாள். விடுவேனா? ஐந்துலாம்புச் சந்திக்குப் பக்கத்தில் மஜீட் நானாவின் பைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். பள்ளிக்கூடக் காலத்தில் மிதுனாவின் புத்தகங்களுக்கு மட்டை போட்டவர் அவர்தான்.

பையிலிருந்து எடுத்ததும், "நில்லுங்க அக்கா, இது வேதமெல்லோ" என்று உள்ளே போய்க் கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்துதான் தொட்டார். எனக்கு அந்த மனுசனில் தனி மரியாதையே வந்துவிட்டது.

"முன்னுக்கு இருபது வெள்ளைத் தாள் வைச்சுத் தையுங்கோ" என்றேன்.

"இருபதா! அவ்வளவு பெரிய குடும்பமா? புத்தகத்துட முதுகு வெடிச்சிடும். எட்டுப் போடுவம்."

எட்டு என்றால் பதினாறு பக்கம். என் பக்கம் எட்டு, ஜனாவின் பக்கம் எட்டு. சரிசமமாகப் பிரிப்பது என்று அந்தக் கடை வாசலிலேயே முடிவு செய்தேன்.

மார்ச் 13, புதன்

பைபிள் வந்துவிட்டது. மெரூன் மட்டை, தங்க எழுத்தில் ‘ஜனார்த்தனன் – றோஸி குடும்பம்’. நாள் முழுக்க வேலைக்கு நடுவில் போய்ப் போய்ப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, ஹெந்தளைப் பைபிளை விட இது வடிவு.

ஏப்ரல் 7, ஞாயிறு

பெரிய வெள்ளி, ஈஸ்டர், ஓர்டர் எல்லாம் முடிந்து இன்றுதான் எழுத உட்கார்ந்தேன். கறுப்பு மைப் பேனை. முதலில் ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு பைபிளில்.

என் பக்கம் ஒரே மூச்சில் ஓடியது. அப்பா அந்தோனிப்பிள்ளை, துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர், அவர் இறக்கிய சாமான் ஒன்றுகூட உடைந்ததில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். அம்மா மரியப்பிள்ளை, இந்தத் தெருவிலேயே முதன்முதலாக வீட்டில் அவண் வைத்துக் கேக் விற்றவ. அதையும் பேருக்குப் பக்கத்தில் எழுதினேன். வெறும் பிறந்த திகதியும் செத்த திகதியும் எழுதிவைக்க இது என்ன கல்லறைக் கல்லா?

சின்ன மாமாவில் வந்து கொஞ்சம் தடுமாறினேன். பெண்சாதியை விட்டுவிட்டு மட்டக்குளியில் வேறொருத்தியோடு போய் இருந்தவர். எழுதுவதா, விடுவதா? மட்டக்குளியில் இருக்கும் தம்பிக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "ரெண்டு பேரையும் எழுதக்கா, ரெண்டு பேரும் தானே அவருக்குச் சோறு போட்டவை" என்றான். எழுதினேன். பைபிளுக்குள்ளேயே இதைவிட மோசமான ஆட்கள் இருக்கினம்.

இன்னொரு விஷயம். மிதுனா நேற்று வந்து சொன்னாள், பிள்ளை தங்கியிருக்காம்! செப்டம்பரில் பிறக்குமாம். என்ர அந்தோனியாரே, நன்றி. பைபிள் துவங்கின கைராசி என்று நான் சொல்ல, ஜனா சிரித்தார்.

ஏப்ரல் 27, சனி

இன்று ஜனாவின் பக்கம்.

"ஐயா பொன்னம்பலம். அம்மா தையல்நாயகி" என்றார். அதற்கு மேலே கேட்டால், "எனக்கு எங்க தெரியும்" என்றார். பிறகு தானாகவே எழும்பிப் போய், சேட்டுகளுக்கு அடியிலிருந்து அந்தக் கல்வெட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியது இல்லை. யாழ்ப்பாணத்துச் சைவ ஆக்கள் செத்தவீடு நடந்து முப்பத்தோராம் நாள் அச்சடித்துக் கொடுக்கும் சின்னப் புத்தகம். செத்தவரின் படம், தேவாரம், பரம்பரை விபரம் எல்லாம் இருக்கும். இது ஜனாவின் ஐயாவுடையது. 2003இல் வெள்ளவத்தையில் கொடுத்தது. எங்கள் கைக்கு அதை ஒரு சிநேகிதன்தான் கொண்டுவந்து தந்தவன்.

ஜனா என்னைக் கட்டியது 94இல். சேர்ச்சில் கட்டினோம், அவர் ஞானஸ்நானம் எடுத்தார். "எனக்கு ஒரு மகன்தான்" என்று ஐயா அன்றைக்குச் சொன்னது, செத்த பிறகும் அப்படியே நின்றது. செத்தவீட்டில் ஜனா அயலட்டைச் சனத்தோடு சனமாகப் பின்னுக்கு நின்றுவிட்டு வந்தார். கல்வெட்டை எழுதி அச்சடிப்பித்தது மூத்தவர், ஸ்ரீஸ்கந்தராசா. அதில் போட்டிருக்கிறார்: ‘அன்னாரின் ஏக புத்திரன் ஸ்ரீஸ்கந்தராசா, மருமகள் பத்மாவதி’.

ஏக புத்திரன்! கூடப் பிறந்த தம்பி கொட்டாஞ்சேனையில் குத்துக்கல் மாதிரி உயிரோட இருக்கேக்கை!

அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதினேன், வேறு வழி? பாட்டன் பேர், பூட்டன் பேர், ஊர், எல்லாம் அதில் இருக்கு. எழுத எழுதப் பேனையை அழுத்தினேன், கோபத்தில். பொன்னம்பலம் தையல்நாயகி என்று எழுதிக் கீழே கோடு இழுத்து, மகன் ஜனார்த்தனன் என்று போட்டு நிறுத்தினேன். ஒரே மகன். அவைக்கு எங்களை எழுதாமல் விடத் தெரியுமெண்டால் எனக்கும் அவையை எழுதாமல் விடத் தெரியும்.

நல்ல திருப்தியாக இருந்தது. எழுதி முடித்து ஒரு பிளேன்ரீ குடித்தேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

பூசை முடிந்து வந்து பைபிளைத் திறந்து அவருக்குக் காட்டினேன். புகழுவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக, வரி வரியாக வாசித்தார்.

"அண்ணை எங்க?"

"அவர் எங்களை எழுதினவரே?"

"நான் அதைக் கேக்கேல்லை."

"அவர் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறன். வேற ஒண்டும் கூடச் செய்யேல்லை."

பைபிளை மூடி, கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப, என்னை விட்டதும் சரி எண்டு சொல்லுறீர்" என்றார்.

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். சோறு போட்டுக் கொடுத்தேன், சாப்பிட்டார். கறி ருசியாக இருக்கு என்றுகூடச் சொன்னார். என் சோற்றைத்தான் நான் மூடி வைத்துவிட்டேன்.

நான் ஆருக்காக எழுதுறன் இதை? அவருக்காகத்தானே? அவருக்கே பிடிக்காமல் போனால் என்ன எழுத்து?

மே 3, வெள்ளி

எழுதிவிட்டேன். ஸ்ரீஸ்கந்தராசா. ஜனாவுக்கு மேலே, மூத்தவர் என்பதால். பிறந்த திகதி தெரியாது, இடம் விட்டிருக்கு. மனசில்லாமல் எழுதியதில் எழுத்துக் கோணிவிட்டது. இருக்கட்டும்.

மே 16, வியாழன்

வெள்ளவத்தைக்கு, ஜனாவின் அண்ணன் வீட்டுக்குப் போன் எடுத்தேன். நான்! இத்தனை வருஷத்தில் முதல்தரம். இலக்கம் ஜனாவிடம் இருந்தது, ஒருநாளும் பாவிக்காத இலக்கம்.

பத்மாவதி அக்காதான் எடுத்தவ. றோஸி என்று சொன்னேன். எந்த றோஸி என்று கேட்டா. ஜனாவின்ர மனுசி என்றேன்.

"ஸ்ரீஸ்கந்தராசா அத்தான் பிறந்த திகதியும், மாமி தவறின நாளும் வேணும் அக்கா. இவருக்கு அப்ப ஒன்பது வயது. விளக்கீட்டுக்கு முதல் நாள் எண்டு மட்டும்தான் தெரியுமாம்."

"கார்த்திகை, பூர்வபக்கச் சதுர்த்தசி" என்று பட்டென்று வந்தது. "நான் எல்லோ வருஷா வருஷம் திவசத்துக்குச் சமைக்கிறனான். எனக்குத் தெரியாதே? ஏன் கேக்கிறீர்?"

"எழுதி வைக்க."

"எதில?"

"பைபிளில."

அந்தோனியாரே, அப்போது கேட்டிருக்க வேண்டும் அவவின் குரலை! "எங்கட மாமியை ஏன் உங்கட பைபிளில எழுதுறீர்? அவ சைவம். நாளைக்கு ஃபாதர்மார் அதைப் பார்த்திட்டு வேதக்காரி எண்டு பதிஞ்சா? இவரின்ர பேரையும் எழுதிப்போட்டீரே? பேர் ஏறினா மாறினதா ஆகாதே?"

அவ நினைத்திருக்கிறா, பைபிளில் பேர் எழுதினால் அது சேர்ச்சுப் பதிவுப் புத்தகத்தில் ஏறிவிடும் என்று. சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இது என் வீட்டு அலுமாரியில் இருக்கிற புத்தகம், ஃபாதருக்குக் காட்டுவதும் இல்லை என்று விளங்கப்படுத்தினேன்.

"எண்டாலும், எங்கட மாமி" என்றா.

"எனக்கும் அவ மாமிதான் அக்கா" என்றேன். என் குரல் கொஞ்சம் ஏறியிருக்கும். "நீங்களும் அவவைக் காணேல்லை, நானும் காணேல்லை. நீங்கள் அவவுக்குச் சமைக்கிறீங்கள். நான் அவவை எழுதுறன்."

அத்தானின் திகதியை அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டா.

பைபிளில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘தையல்நாயகி, இறப்பு 1978, கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல் நாள்’. இங்கிலீஷ் திகதி தேடவில்லை. ஜனா நினைவு வைத்திருக்கிற மாதிரியே கிடக்கட்டும்.

ஜூலை 9, செவ்வாய்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு போனும் இல்லை. நான் திரும்ப எடுக்க மாட்டேன். எனக்கும் ரோசம் இருக்கு.

செப்டம்பர் 19, வியாழன்

பெண்பிள்ளை! விடிய. சுகப்பிரசவம். மிதுனா நல்ல சுகம். பேர் எலீனா. மூக்கு அப்படியே ஜனாவுடையது, ஸ்டெல்லா தங்கட மூக்கு என்று சொல்லித் திரியிறா. கண் தெரியாத கதை.

ஜனா பிள்ளையைக் கையில் வாங்கினார். வாங்கிவிட்டு, "ஐயாவின்ர நெத்தி" என்றார். அவர் வாயிலிருந்து ஐயா என்ற சொல் வந்து எத்தனை காலம்.

பேரைப் பைபிளில் இன்னும் எழுதவில்லை. ஞானஸ்நானம் கொடுத்த பிறகுதான் எழுதுவேன். அதற்கு ஒரு முழுப்பக்கம் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 25, புதன்

என்னிடம் சொல்லாமல் ஜனா வெள்ளவத்தைக்குப் போய் வந்திருக்கிறார். நான் ஓர்டருக்குச் செய்த லவ் கேக்கில் ஒரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு!

"ஆர் இருந்தது?"

"அண்ணை வெளியில போயிட்டாராம். அக்கா கதவடியில வச்சுக் கதைச்சவ."

"உள்ளுக்கு வாங்கோ எண்டு சொல்லேல்லையோ?"

"சொல்லேல்லை."

பேத்தி பிறந்திருக்கு, நவம்பர் பத்தாம் திகதி ஞானஸ்நானம், ரெண்டு பேரும் வரவேணும் என்று சொல்லிவிட்டு வந்தாராம். பிள்ளை பிறந்த நாளைக் கேட்டு அவ விரல் மடித்து என்னவோ எண்ணினாவாம். கேக்கை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டா.

தகப்பன் வீட்டுப் படியில் நின்றுவிட்டு வருவதற்கு இந்த மனுசனுக்கு என்ன பொறுமை. நானென்றால் கேக்கைத் திருப்பிக் கொண்டுவந்திருப்பேன். சத்தியமாக.

ஒக்டோபர் 19, சனி

எங்கிருந்து துவங்குவது?

காலமை கிறிஸ்மஸ் கேக்குக்கு முந்திரிகைவத்தலும் சீனிப் பாகில் ஊறின பூசணித் தோசியும் வெட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக் கவுன், தலை ஒரு பக்கம், கையெல்லாம் பிசுபிசு. மணி அடிக்கிறது. பிள்ளைப்பெறுவுக்கு எங்களோடு நிற்கிற மிதுனா பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள் என்று நானே போய்த் திறந்தால், வேட்டி சால்வையோடு ஒரு ஆள். ஜனாவுக்கு இன்னும் பத்து வயது போனால் எப்படி இருப்பாரோ அப்படி. பக்கத்தில் பட்டுச்சேலையோடு ஒரு பொம்பிளை.

"நான் பத்மாவதி. இண்டைக்கு முப்பத்தொண்டு தானே?"

விரல் மடித்து எண்ணியது இதைத்தான். சைவ ஆக்களுக்குப் பிள்ளையைப் பார்க்க வருகிற நாள் முப்பத்தோராம் நாள், தீட்டு, துடக்குக் கழிகிற நாள். நாங்கள் ஞானஸ்நானத்துக்குச் சொன்னோம். அவை தங்கட நாளில் வந்து நிற்கினம்!

"நாங்கள் அடுத்த மாதம் எண்டு சொன்னனாங்கள்..." என்று இழுத்தேன்.

"அது உங்கட நாள். இது எங்கட நாள்" என்று சொல்லிக்கொண்டு அக்கா உள்ளே வந்துவிட்டா. பிள்ளைக்குக் காப்புச் சோடி, சட்டை, வசம்பு, எல்லாம் கொண்டுவந்திருக்கிறா. மிதுனாவைப் பார்த்து, "மெலிஞ்சு போனாய் பிள்ளை" என்றா, பிறந்த நாளிலிருந்து கண்டவ மாதிரி.

ஜனா குளித்துக்கொண்டிருந்தார். துவாயோடு வந்தவர் அண்ணனைக் கண்டு அப்படியே நின்றார். அண்ணன் எழும்பினார். "உடுப்பைப் போட்டுக்கொண்டு வா, தடிமன் பிடிக்கும்" என்றார் மூத்தவர். ஜனா சின்னப் பொடியன் மாதிரி ஓடினார். ஐம்பத்தைந்து வயது!

பிளேன்ரீ குடித்து முடிந்ததும் அத்தான் என்னைப் பார்த்தார். "எங்க அந்தப் புத்தகம்?"

பறித்துக் கிழிக்கப் போகிறாரோ என்று கூட நினைத்தேன். கொண்டுவந்து வைத்தேன். மெரூன் மட்டையைத் தடவினார். பொன்னம்பலம் என்ற இடத்தில் விரலை வைத்துக் கீழே கீழே இறக்கினார். ஸ்ரீஸ்கந்தராசா. ஜனார்த்தனன்.

"இது பிழை" என்றார்.

எனக்கு ஏறியது பாருங்கோ. "எது பிழை அத்தான்? தம்பி எண்டு எழுதினதோ பிழை? நீங்கள் ஏக புத்திரன் எண்டு அச்சடிச்சியள், நான் ரெண்டு பேர் எண்டு எழுதியிருக்கிறன். எது பிழை எண்டு சொல்லுங்கோ!"

ஜனா, "றோஸி" என்றார். நான் கேட்கிற நிலையில் இல்லை.

அத்தான் கோபிக்கவில்லை. விரலை அந்த ரெண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். "இதுக்குள்ள ஒருத்தன் இருந்தவன்" என்றார்.

ஜனா கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு அப்ப அஞ்சு வயது. ஆம்பிளைப் பிள்ளை. முப்பத்தொண்டு காணேல்லை, அதுக்குள்ள காய்ச்சலில போயிட்டான். பேர் வைக்கேல்லை. பேர் இல்லாதபடியால ஐயா அவனை ஒரு இடத்திலயும் எழுதவும் விடேல்லை, கதைக்கவும் விடேல்லை. நீ பிறந்த பிறகு அம்மாவும் விட்டிட்டா. எனக்கு மட்டும்தான் இப்ப தெரியும்."

"எனக்கு ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?" ஜனா கேட்டார்.

"நான் ஆருக்குத்தான் சொன்னனான்? இவளுக்கே, நீ கேக்கோட வந்திட்டுப் போன அண்டைக்குத்தான் சொன்னனான்."

அக்கா தலையாட்டினா. பிள்ளை அவவின் மடியில் கிடந்தது. அதனால்தான் முப்பத்தோராம் நாள் என்று நின்றிருக்கினம். அத்தான் காலமை எழும்பி, பிள்ளை நாளைக் கண்டிட்டுது, போவம் என்றாராம்.

"எழுதும் தங்கச்சி" என்றார் என்னிடம். "ஐயாவுக்கு நாங்கள் மூண்டு பேர்."

மூண்டு பேர் என்று அந்த வாயால் சொன்னார். ஏக புத்திரன் என்று எழுதின அதே மனுசன். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. நான் அதற்காகக் காத்துக்கொண்டுதான் நின்றேன், பொய் சொல்ல மாட்டேன். வரவில்லை. ஆனால் ஜனாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு வேண்டியது வந்துவிட்டது. பிறகு எனக்கு என்ன?

பேனையை எடுத்தால் நடுவில் இடமில்லை. நெருக்கி எழுதிவிட்டேன், ஆர் கண்டது? ரெண்டு வரிக்கும் இடையில் சின்ன எழுத்தில் எழுதவேண்டி வந்தது. "என்ன பேர் போட?" என்றேன்.

"அம்மா குஞ்சன் எண்டு கூப்பிட்டவ."

குஞ்சன் என்று எழுதினேன். 1965. அத்தான் தன் பிறந்த திகதியையும் சொன்னார், அந்த இடமும் நிரம்பியது. எழுதி முடியும் வரைக்கும் பிடித்துக்கொண்டேன். பிறகு அவண் பார்க்கப் போகிறேன் என்று குசினிக்குள் போய் நன்றாக அழுதேன். அவணில் ஒன்றும் வைத்திருக்கவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

எலீனாவின் ஞானஸ்நானம். எங்கட பிள்ளை ஒரு சத்தம் போடவில்லை, தண்ணீர் ஊத்தும்போது ஃபாதரைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். வெள்ளை நெட் சட்டையில் தேவதைதான்.

வெள்ளவத்தையிலிருந்து ரெண்டு பேரும் வந்தினம். சேர்ச்சுக்குள் ஆள் வைத்து முன் வரிசை வாங்கில் இருத்தினேன். சிலுவை அடையாளம் போடத் தெரியாமல் அக்கா கும்பிட்டுக்கொண்டு நின்றா. நல்லாத்தான் இருந்தது.

படம் எடுக்கிற நேரம் ஸ்டெல்லா என் காதுக்குள், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஆர் றோஸி இந்த வேட்டிக்காரர்?" என்றா. நான் வாய் திறக்க முதல் அத்தானே திரும்பினார்.

"நான் ஜனாவின்ர மூத்த தமையன். ஐயாவுக்கு நாங்கள் மூண்டு ஆம்பிளைப் பிள்ளையள். நடுவிலான் சின்னனில தவறிட்டான். இவன் கடைக்குட்டி."

வடிவான, உரத்த குரல். பலிபீடம் வரைக்கும் கேட்டிருக்கும். ஸ்டெல்லாவின் வாய் அடைத்ததை நான் இன்றைக்குத்தான் கண்டேன். பிறகு மெல்ல, "பேர்களை ஒருக்கா எழுதித் தா, எங்கட பைபிளிலயும் போட" என்று கேட்டா. பார்ப்போம், நேரம் கிடைத்தால் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். எவ்வளவு சந்தோசம் எனக்கு!

வெளியே வந்தால் ஒரு கூத்து. அத்தானும் அக்காவும் கோயிலுக்குப் போகிற பழக்கத்தில் செருப்பைச் சேர்ச் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்திருக்கினம்! இங்கே ஆர் செருப்புக் கழற்றுவது? கொட்டாஞ்சேனை ரோட்டோரத்தில் ரெண்டு சோடி செருப்பு ஒரு பூசை முடியும் வரைக்கும் இருக்குமா? அக்காவின் பழைய செருப்புக் கிடந்தது. அத்தானின் புதுத் தோல் செருப்பைக் காணவில்லை.

"என்ன ஊரடா இது" என்று அத்தான் வெறுங்காலோடு நிற்கிறார். சனமெல்லாம் சிரிப்பை அடக்குகிறது. ஜனா குனிந்து தன் சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். கலியாண வீடுகளுக்கு மட்டும் போடுகிற கறுப்புச் சப்பாத்து. அண்ணனின் காலடியில் வைத்தார்.

"எனக்கு அளவா வராது."

"போட்டுப் பாருங்கோ அண்ணை."

அச்சொட்டாகப் பொருந்தியது. வேட்டிக்குக் கீழே கறுப்புச் சப்பாத்தோடு அத்தான் த்ரீவீலில் ஏறிப் போனார். ஜனா சொக்ஸோடு வீட்டுக்கு நடந்து வந்தார், ராசா மாதிரி.

எலீனாவின் பக்கத்தை எழுதிவிட்டேன். எழுத்து ஒரு இடமும் கோணவில்லை.

நவம்பர் 16, சனி

காலமை அக்கா போன் எடுத்தா. "அவர் சொல்லுறார், சப்பாத்தைக் கொண்டுவந்து தரமாட்டாராம். வந்து எடுத்துக்கொண்டு போகட்டாம்."

ஜனா தலையை வாரி இழுத்து, நல்ல சேட்டாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனார். கதவடியில் வைத்துக் கதைத்து அனுப்பினால் என்ன செய்வது என்று நான்தான் வாசலுக்கும் குசினிக்குமாக நடந்தேன். மத்தியானம் ஆகியும் ஆளில்லை. பின்னேரம் ஆகியும் ஆளில்லை. பொறுக்க முடியாமல் போன் எடுத்தேன். நித்திரைக் குரல்.

"எங்க நிக்கிறீங்கள்?"

"ஐயாவின்ர அறையில படுத்திருக்கிறன். அக்கா ஒடியல் கூழ் காய்ச்சினவ. கனக்கக் குடிச்சிட்டன்."

"சப்பாத்து?"

"அதை இன்னும் கேக்கேல்லை" என்றார்.